பந்துக்கும் பந்துக்கும் நடுவே நடப்பதற்கும் பரிசு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொள்ளாச்சி, கோபாலபுரம், மீனாட்சிபுரம், கொழிஞ்சாம்பாறை, பாலக்காட்டுச் சித்தூர் என்று தமிழ்நாடும் கேரளமும் ஒட்டிக்கிடக்கும் இந்த வட்டாரத்துப் பள்ளிகளின் சாஃப்ட்பால், பேஸ்பால் முடிவுகள் விளையாட்டுப் பக்கத்தில் வரும்போது மூன்று செய்திதான் இருக்கும்: யார் ஜெயித்தது, எத்தனை ரன், யார் ஹோம் ரன் (பெரும்பாலும் பந்தை வேலிக்கு வெளியே அடித்து எடுப்பது). பரிசளிப்பு மேடையிலும் இதே கணக்குதான். சிறந்த ஆட்டக்காரர் கோப்பை அநேகமாக அதிக தூரம் அடித்தவருக்கோ, அதிக ஸ்டிரைக் அவுட் (மூன்று ஸ்டிரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது) எடுத்த பிட்சருக்கோ, அதாவது பந்து எறிபவருக்கோ, போகும். மன உறுதிக்கென்று தனிப் பரிசு வைத்தாலும் அது தோற்ற அணியின் கேப்டனுக்கு ஆறுதலாகப் போய்ச் சேர்கிறது. அல்லது விழாக் குழுவில் யாருக்கோ பிடித்த பிள்ளைக்கு.

எங்கள் கோரிக்கை இதுதான். மனத்திறனுக்குப் பரிசு கொடுக்க வேண்டும். ஆனால் கண்ணால் பார்த்து, தாளில் குறித்து, எண்ணிக் காட்ட முடிகிற செயலுக்குக் கொடுக்க வேண்டும். நல்ல குணத்துக்கு, சிரித்த முகத்துக்கு, 'போராடிய விதத்துக்கு' என்று கொடுப்பதை நிறுத்திவிடலாம்.

இந்த இரண்டு ஆட்டங்களுக்கு இது ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். நம் பிள்ளைகள் பெரும்பாலும் கிரிக்கெட்டிலிருந்து வருகிறார்கள். அங்கே அவுட் ஆனால் அந்த இன்னிங்ஸில் பேட்டுக்கு வேலை முடிந்தது. சாஃப்ட்பாலில் 7 இன்னிங்ஸில் (சுற்றுகளில்) ஒரு பேட்டர் மூன்று நான்கு தடவை தட்டுக்கு (பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு) வருவார். அவற்றில் பெரும்பாலான தடவை அவுட் ஆவார். உலகின் மிகச் சிறந்த பேட்டர்களுக்கும் பத்துக்கு ஏழு தோல்விதான். அமெரிக்காவின் அமெரிக்கன், நேஷனல் லீக் இரண்டிலும் 1941-ல் டெட் வில்லியம்ஸ் .406 சராசரி (ஆயிரம் வாய்ப்புக்கு 406 ஹிட் என்ற கணக்கு; ஹிட் என்றால் பந்தை அடித்துப் பத்திரமாகப் பேஸை எட்டுவது) எடுத்ததற்குப் பிறகு ஒரு முழு சீசனில் .400-ஐ எட்டியவர் இல்லை. தோற்றுவிட்டு உடனே திரும்பி நிற்பது இங்கே அன்றாட வேலை. சாஃப்ட்பாலில் பெண்களுக்குப் பிட்சிங் தூரம் 43 அடி. பள்ளி அளவு வேகத்திலேயே பந்து கையை விட்டதும் சுமார் அரை நொடியில் தட்டைத் தாண்டிவிடும். அந்த அரை நொடிக்குள் யோசிக்க எதுவும் இல்லை; யோசிக்க வேண்டியதெல்லாம் அதற்கு முன்னால் உள்ள பதினைந்து, இருபது நொடியில். நாம் பார்க்காமல் விடுவதும் அதைத்தான்.

பிட்சரிடமிருந்து தொடங்குவோம். வாக் (நான்கு தவறான பந்தால் பேட்டர் சும்மாவே முதல் பேஸுக்குப் போவது) கொடுத்தாயிற்று, அல்லது பின்னால் ஷார்ட் ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்பவர்) கைநழுவவிட்டு எர்ரர் ஆயிற்று. அடுத்த பந்தை அவசரமாகப் போடுவது பள்ளிப் பிட்சரின் முதல் கோளாறு. உடம்பில் நடப்பது இதுதான்: மூச்சை இழுத்து அப்படியே நிறுத்திக்கொள்வார்கள், தோள் மேலே ஏறும், பந்தின் மேல் பிடி இறுகும். கையைச் சுழற்றிக் கீழிருந்து எறியும் சாஃப்ட்பாலில் இறுகிய விரல்கள் பந்தை விடுவது தாமதமானால் பந்து பேட்டரின் தலைக்கு மேலே போகும். "ஸ்டிரைக் போடு, ஸ்டிரைக் போடு" என்று அணி உட்காரும் டக்அவுட்டிலிருந்து கத்துவதால் பிடி இன்னும் கொஞ்சம் இறுகுவதுதான் மிச்சம்.

இதற்கு மாற்றாக உள்ள பழக்கத்தைப் பயிற்சியாளர்கள் ரீசெட் என்கிறார்கள். பிட்சர் கால் வைத்து எறியும் பிட்சிங் தட்டை விட்டு இரண்டடி பின்னால் வர வேண்டும். கையை உடையில் துடைத்துவிட்டு, மைதானத்தில் முன்பே தேர்ந்துவைத்த அசையாத பொருள் ஒன்றைப் பார்க்க வேண்டும். மூச்சை இழுப்பதைவிட நீளமாக வெளியே விட வேண்டும். பிறகு தட்டில் கால் வைத்து, பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்து பிடிக்கும் கேட்சரின் சைகையை வாங்க வேண்டும். மொத்தம் எட்டுப் பத்து நொடி. அமெரிக்கப் பல்கலைக்கழக பேஸ்பாலில் இதைப் பரப்பியவர்களில் மனப்பயிற்சி ஆலோசகர் கென் ரவீஸா முக்கியமானவர். பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குபோல் உன் நிலை இப்போது எது என்று ஆட்டக்காரரே கண்டுகொள்ளச் சொல்லுவார். 2004-ல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் பல்கலைக்கழக அணி 15 வெற்றி, 16 தோல்வி என்று தடுமாறிவிட்டு அதே ஆண்டு தேசிய சாம்பியன் ஆனது. அந்த அணியின் டக்அவுட்டில் ஒரு குட்டிப் பொம்மைக் கழிப்பறை இருந்தது. மோசமான ஆட்டம் ஆடி வந்தவர் அதன் கைப்பிடியை அழுத்தி அந்த ஆட்டத்தைத் 'தண்ணீர் ஊற்றிக் கழுவி'விட்டுத்தான் உட்கார வேண்டும். நம் ஊர்ப் பள்ளியில் இதை வைத்தால் தலைமை ஆசிரியர் என்ன சொல்லுவாரோ தெரியாது. ஒரு தண்ணீர் பாட்டில் மூடியைத் திறந்து மூடுவதும் அதே வேலையைச் செய்யும். ரவீஸாவிடம் கற்று, அமெரிக்காவின் உச்சத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக்கில் ஆடிய எவான் லாங்கோரியா, ஆட்ட எல்லையைக் காட்டும் இடப்பக்க ஃபவுல் கம்பத்தைப் பார்த்துத் தன்னை நிதானப்படுத்திக்கொண்டார். நம் மைதானங்களில் ஃபவுல் கம்பம் பெரும்பாலும் இராது; தண்ணீர்த் தொட்டி, கொடிக்கம்பம் எதுவானாலும் போதும், அது நகராததாக இருக்க வேண்டும்.

இதை எப்படிக் குறிப்பது? ஸ்கோர் ஷீட்டின் ஓரத்தில் ஒரு கட்டம் போதும். வாக், பேட்டர் மேல் பட்ட பந்து, வைல்ட் பிட்ச் (கேட்சர் பிடிக்க முடியாதபடி விலகிப்போன பந்து), எர்ரர், எதிரணிக்கு ஒரு ரன் — இவற்றில் எது நடந்தாலும் அது ஒரு வாய்ப்பு; ஒரு சாய்கோடு போடுங்கள். அடுத்த பந்துக்கு முன் பிட்சர் தட்டை விட்டுப் பின்னால் வந்து, கண்ணைத் தன் பொருளுக்குக் கொண்டுபோய், திரும்பிச் சைகை வாங்கினால் அதன் மேல் குறுக்கே இன்னொரு கோடு. ஆட்டம் முடிந்ததும் எத்தனை சாய்கோட்டில் எத்தனை பெருக்கல் குறி என்று எண்ணினால் போதும். மூச்சு விட்டாரா என்று எழுத வேண்டாம். முப்பது அடிக்கு அப்பால் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு அது தெரியாது, தெரிந்ததுபோல் எழுதினால் தாள் பொய்யாகிவிடும். அடுத்த பேட்டருக்குப் போட்ட முதல் பந்து ஸ்டிரைக்கா என்பதைத் தனிக் கட்டத்தில் எழுதுங்கள். இரண்டையும் கூட்டக் கூடாது. ரீசெட் சரியாகச் செய்தும் பந்து வெளியே போகலாம். எதுவும் செய்யாமல் போட்டதும் உள்ளே விழலாம். பரிசுக்கு முதல் கட்டம்தான் கணக்கு. இருவர் சமமானால் மட்டும் இரண்டாவதைப் பாருங்கள்.

பேட்டர்களுக்கு ஏற்கெனவே உலகெங்கும் பயிற்சியாளர்கள் வைத்திருக்கும் ஒரு கணக்கு உண்டு: 'தரமான பேட்டிங் முறை'. தட்டுக்கு வரும் ஒவ்வொரு தடவையும் ஒரு முறை. ஹிட் வந்ததா என்பது அதில் முதல் கேள்வி அல்ல. எட்டுப் பந்துக்கு மேல் பிட்சரைப் போட வைத்தாரா, பந்தை நடுமட்டையில் அழுத்தி அடித்தாரா, வாக் வாங்கினாரா, பண்ட் வைத்து (அடிக்காமல் மட்டையால் மெல்லத் தட்டிவிட்டு), பேஸில் நிற்கும் ரன்னரை நகர்த்தினாரா, யாரும் அவுட் ஆகாத நிலையில் இரண்டாம் பேஸில் இருப்பவரை மூன்றாம் பேஸுக்குக் கொண்டுபோனாரா — இவற்றில் ஏதாவது ஒன்று நடந்தால் அந்த முறை தரமானது. ஒரு மாணவி நான்கு தடவை தட்டுக்கு வந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தான் அவுட் ஆகி ரன்னரை நகர்த்தும் தியாக பண்ட். பிறகு எட்டுப் பந்து நின்று ஒரு வாக். மூன்றாவதில் ஈட்டிபோல் அடித்த பந்து நேராக ஷார்ட் ஸ்டாப் கையில். நான்காவதில் இரண்டாம் பேஸ் பக்கம் உருட்டி, தான் அவுட் ஆகி, ரன்னரை மூன்றாம் பேஸுக்கு நகர்த்தினார். தியாக பண்ட்டும் வாக்கும் சராசரிக்கு எடுக்கும் வாய்ப்புகளான அட்-பேட்டில் சேராது. ஆகவே ஸ்கோர் ஷீட்டில் இவருக்கு இரண்டுக்கு பூஜ்யம், சராசரி .000. தரக் கணக்கில் நான்குக்கு நான்கு. இவர் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வராது. கல்லும் குழியுமான மைதானத்தில் மூன்றாம் பேஸ்காரரின் முழங்காலுக்கு முன்னால் எகிறிப்போன உருட்டல் பந்துக்கு ஹிட் வாங்கியவர் பெயர் வரும்.

பள்ளிப் போட்டியில் சராசரி ஏமாற்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மூன்று ஆட்டம் ஆடினால் ஒரு பேட்டருக்கு மொத்தமே பத்து வாய்ப்புக்குள்தான். அதில் ஒரே ஒரு அதிர்ஷ்ட ஹிட் சராசரியில் நூறு புள்ளியை (.100) தூக்கிவிடும்.

இனி ஃபீல்டிங். எங்கள் கணிப்பில் மனத்திறன் அதிகமாகத் தெரியும் இடம் இதுதான். பரிசு ஒன்றுகூடக் கிடைக்காத இடமும் இதுதான். பேஸில் யாரும் இல்லாதபோது ஷார்ட் ஸ்டாப்புக்கு உருட்டல் போனால், அவர் முதல் பேஸுக்கு எறியும்போது ரைட் ஃபீல்டர் உள்ளே ஓடி வந்து முதல் பேஸுக்குப் பின்னால் நிற்க வேண்டும்; இதுதான் பேக்-அப். கேட்சரும் ரன்னருக்கு இணையாக ஃபவுல் பக்கம் (ஆட்டக் கோட்டுக்கு வெளியே) ஓட வேண்டும். பத்தில் ஒன்பது தடவை எறிதல் நேராகப் போய்விடும். இவர்கள் ஓடியது வீண். பத்தாவது தடவை தப்பும்போது இவர்கள் இருந்தால் ரன்னர் முதல் பேஸோடு நிற்பார், இல்லாவிட்டால் மூன்றாம் பேஸ் வரை போவார். ரைட் ஃபீல்டில் அணியிலேயே பலவீனமானவரை நிறுத்துவது பள்ளிகளின் வழக்கம். அந்தப் பிள்ளை ஒவ்வொரு உருட்டலுக்கும் சலிக்காமல் ஓடி வருகிறதென்றால், ஒரு ஆட்டத்தில் பத்துப் பன்னிரண்டு ஓட்டம் ஸ்கோர் ஷீட்டில் ஒரு எழுத்துகூட விழாமல் போகிறது.

இதைக் குறிப்பவருக்கு ஒரு சிரமம். எல்லோர் கண்ணும் பந்தோடு போகும். குறிப்பவர் கண் பந்தைப் பார்க்கவே கூடாது. அதனால்தான் இரண்டு பேர் வேண்டும் என்கிறோம். ஒருவர் பந்துக்கும் பந்துக்கும் இடையில் பிட்சரையும் பேட்டரையும் பார்ப்பவர். மற்றவர் பந்து அடிபட்டதும் பந்து இல்லாத ஃபீல்டர்களை மட்டும் பார்ப்பவர். முறையான ஸ்கோரரிடம் இதையும் சுமத்தினால் இரண்டும் கெடும். ஆடும் இரு பள்ளியையும் சேராத பிளஸ் டூ மாணவர்கள் இருவரை வைத்து, இரண்டு பயிற்சி ஆட்டத்தில் பழக்கினால் போதும். பழக்கும்போது இருவரையும் ஒரே வேலையை ஒரே ஆட்டத்தில் தனித்தனியே குறிக்கச் சொல்லித் தாள்களை ஒப்பிடுங்கள். ஐந்தில் ஒன்றுக்கு மேல் வேறுபட்டால் பிள்ளைகள் மேல் குற்றம் இல்லை. 'பின்னால் நிற்பது' என்றால் எத்தனை அடி தூரத்தில் என்று நாம் சொல்லாமல் விட்டிருப்போம். பேஸிலிருந்து பதினைந்து இருபது அடி, எறிதலின் நேர்கோட்டில் என்று எழுதிக் கொடுத்தால் தாள்கள் நெருங்கி வரும்.

இந்த வட்டாரத்துக்கென்று இரண்டு கட்டம் கூடுதலாக வேண்டும். முதலாவது காற்று. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேற்குக் காற்றில் உயரப் பந்து எங்கே இறங்கும் என்று சொல்ல முடியாது. ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாம் பேஸ் நோக்கிய கோடு கிழக்கு-வடகிழக்காக இருப்பது நல்லது என்பது பேஸ்பால் விதிநூலின் பரிந்துரை. அப்படி அமைத்தால் இங்கே காற்று பேட்டரின் முதுகுப் பக்கமிருந்து வரும். பந்து அவுட்ஃபீல்டர் எதிர்பார்ப்பதைத் தாண்டிப் போகும். ஆனால் பள்ளி மைதானம் இடம் கிடைத்த பக்கம்தான் கிடக்கும். எதிர்ப்பக்கம் அமைந்தால் அதே பந்து நடுவானில் நின்று செங்குத்தாக விழும். பின்னால் ஓடிய பிள்ளை திரும்பி வருவதற்குள் தரையில் கிடக்கும். ஒவ்வொரு பேட்டர் வரும்போதும் வேலிக்கு அப்பால் நிற்கும் தென்னை ஓலையை அண்ணாந்து பார்த்துவிட்டு இரண்டடி முன்னாலோ பின்னாலோ நகர்ந்து நிற்கும் சென்டர் ஃபீல்டரைக் குறிப்பவர் கவனிக்க வேண்டும். நகர்ந்தது தெரியும், எண்ணலாம்.

இரண்டாவது குரல். ஒரே அணியில் வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் பேசும் பிள்ளைகளும், வீட்டிலும் மலையாளமே பேசும் பிள்ளைகளும் இருப்பார்கள். உயரப் பந்துக்கு இருவர் ஓடும்போது ஒருவர் ஒரு மொழியிலும் மற்றவர் வேறு மொழியிலும் கூப்பிட்டால் மோதல்தான். பல் உடைவதும் உண்டு. சீசன் தொடங்கும்போதே அணி முழுக்க ஒரே ஓசையை வைத்துக்கொண்டு, பந்து இறங்கத் தொடங்கியதும் மூன்று முறை கூப்பிட வேண்டும், மற்றவர் விலக வேண்டும். பந்து ஏறும்போதே கூப்பிடுவது தப்பு. இந்தக் காற்றில் அது யாருடையது என்று அப்போது யாருக்கும் தெரியாது. உரிய நேரத்தில் கூப்பிட்டாரா என்பதும் எண்ணக்கூடியதே.

எதை எண்ணக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். அழுதாரா என்று எழுத வேண்டாம். ஸ்டிரைக் அவுட் ஆகி அழுதுகொண்டே போய், அடுத்த அரை இன்னிங்ஸில் எல்லா உருட்டலுக்கும் பேக்-அப் ஓடிய மாணவி தன் வேலையைச் செய்திருக்கிறார். கண்ணீருக்கு மதிப்பெண் கழிக்க யாருக்கும் உரிமை இல்லை. உடல்மொழிக்குப் பத்துக்கு இத்தனை என்று போடுவதும் வேண்டாம். அதில் வாயாடிகளும் கைதட்டிகளும் மேலே வருவார்கள், அமைதியான பிள்ளைகள் கீழே போவார்கள். சிரித்த முகத்துக்கு மதிப்பெண் என்று தெரிந்தால் ஒரே வாரத்தில் எல்லோரும் சிரிக்கக் கற்றுக்கொள்வார்கள்.

'மன பலவீனம்' என்ற சொல்லை மேடையிலும் செய்தியிலும் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது. 2000-ம் ஆண்டு அமெரிக்க பேஸ்பாலின் பிளேஆஃப் (சீசன் முடிவில் நடக்கும் சுற்று) ஆட்டத்தில் செயின்ட் லூயிஸ் அணியின் இளம் பிட்சர் ரிக் ஆன்கீல் ஒரே இன்னிங்ஸில் ஐந்து வைல்ட் பிட்ச் போட்டார். பிட்ஸ்பர்க்கின் ஸ்டீவ் பிளாஸ் 1973-ல் திடீரென்று ஸ்டிரைக் போடும் கட்டுப்பாட்டை இழந்தார். நியூயார்க் யாங்கீஸின் சக் நாப்லாக் இரண்டாம் பேஸிலிருந்து மிகக் குறைந்த தூரத்தில் உள்ள முதல் பேஸுக்கு எறிய முடியாமல் தவித்தார். மூவரும் அதற்கு முன் உச்சத்தில் இருந்தவர்கள் அல்லது உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தவர்கள். நம் பள்ளி அணியில் ஒரு பிள்ளைக்கு இப்படி நேர்ந்தால், எல்லோர் முன்னும் நிறுத்தி நூறு எறிதல் போடச் சொல்வது நோயை வளர்க்கும். முதலில் தோள், முழங்கை வலி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் யாரும் பார்க்காத நேரத்தில் இருபது அடியிலிருந்து, இலக்கு எதுவும் வைக்காமல் சுவரில் எறிய விடுங்கள். ஆட்டத்தில் சில நாள் குறைவாக எறியும் இடத்துக்கு மாற்றுங்கள். பள்ளியில் கவுன்சிலர் இருந்தால் அவரிடம் பேச வையுங்கள். பரிசுத் தாளில் அந்தப் பிள்ளையின் பெயருக்கு நேரே எதுவும் எழுத வேண்டாம். கழித்தல் குறியே இந்தக் கணக்கில் கிடையாது.

பரிசை முடிவு செய்வது எளிது. குறைந்தது மூன்று ஆட்டம் ஆடியவர்களை மட்டும் எடுங்கள்; பிட்சர், ஃபீல்டர் என்றால் குறைந்தது இருபது வாய்ப்பும் இருந்திருக்க வேண்டும். நான்கு வாய்ப்பில் நான்கும் செய்தவரைவிட இருபத்தைந்தில் இருபது செய்தவர் நம்பத்தக்கவர். பிட்சர், பேட்டர், ஃபீல்டர் மூவரையும் ஒரே வரிசையில் நிறுத்தாமல் தனித்தனியே ஒரு பெயர். இறுதி ஆட்டத்துக்கு வந்த அணியிலிருந்துதான் வர வேண்டும் என்ற கட்டாயம் வேண்டாம். மேடையில் எண்ணையும் சேர்த்து அறிவியுங்கள்: "முப்பத்தோரு வாய்ப்பில் இருபத்தெட்டு முறை பேக்-அப்" என்று சொன்னால் கூட்டத்துக்கு விளங்கும், அடுத்த ஆண்டு ரைட் ஃபீல்டுக்குப் போகும் பிள்ளைக்கும் விளங்கும். செலவு தாள் ஜெராக்ஸும் மூன்று சிறு கேடயமும்தான்.

ஒரு எச்சரிக்கை. கேரளத்தில் விளையாட்டுக்குக் கிரேஸ் மார்க் உண்டு. தமிழ்நாட்டில் கல்லூரிச் சேர்க்கையிலும் அரசு வேலையிலும் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. இந்தப் பரிசை அந்தச் சான்றிதழ்களோடு ஒருபோதும் முடிச்சுப்போடக் கூடாது. மதிப்பெண் வரும் என்றால் பெற்றோர் வருவார்கள், பெற்றோர் வந்தால் குறிப்பவர் கை நடுங்கும். ஆனால் மாவட்ட அணித் தேர்வாளர்களுக்கு இந்தத் தாள் உதவும். ஒரு நாள் தேர்வு முகாமில் பத்துப் பந்து அடிக்கவும் ஓடவும் எறியவும் சொல்லி எடுக்கும்போது கையின் வேகம் மட்டும்தான் தெரிகிறது. நம் நாட்டில் ஈட்டி எறிபவர்களாக இருந்த ரிங்கு சிங்கும் (கிரிக்கெட் வீரர் அல்ல) தினேஷ் படேலும் 2008-ல் எறிவேகப் போட்டி ஒன்றில் தேர்வாகி, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அமைப்புடன் ஒப்பந்தம் செய்தார்கள். வேகம் அவர்களை அமெரிக்கா வரை கொண்டுபோனது பெரிய விஷயம். கவுண்ட் (அந்தப் பேட்டருக்கு இதுவரை எத்தனை ஸ்டிரைக், எத்தனை தவறான பந்து என்ற கணக்கு) பார்த்து எறிவது, ரன்னரைக் கண்காணிப்பது, மோசமான பந்துக்குப் பின் அடுத்த பந்தைப் போடுவது எல்லாவற்றையும் அதற்குப் பிறகே கற்க வேண்டியிருந்தது. இருவரும் மேஜர் லீக் ஆட்டம் வரை போகவில்லை. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இரண்டு ஆட்டங்களும் திரும்ப வருவதால் பள்ளிகளில் ஆர்வம் கூடும் வாய்ப்பு இருக்கிறது. இப்போது தொடங்கினால் தாள் பழகிவிடும்.

உங்களிடம் கேட்பது அதிகம் இல்லை. முடிவு வெளியிடும்போது ஹோம் ரன் வரிக்குக் கீழே இன்னும் ஒரு வரிக்கு இடம் கொடுங்கள். பிட்சரைப் பற்றியென்றால் ஸ்டிரைக் அவுட் எண்ணிக்கையோடு மொத்தம் எத்தனை பந்து, அதில் எத்தனை ஸ்டிரைக், எத்தனை வாக் என்றும் போடுங்கள். பத்து ஸ்டிரைக் அவுட்டும் ஒன்பது வாக்கும் கொடுத்தவர் ஆடியது என்ன ஆட்டம் என்று வாசகரே புரிந்துகொள்வார். போட்டி நடத்தும் பள்ளிகள் முடிவை அனுப்பும் அதே தாளில் இந்த எண்களையும் எழுதி அனுப்பினால் செய்தியாளருக்குக் கூடுதல் வேலை இல்லை. எண் இல்லாமல் 'மன உறுதியுடன் ஆடினார்' என்று மட்டும் எழுதி வந்தால் அந்த வரியை வெட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியர்கள், ஸ்கோரர்கள் சிலர்,
கொழிஞ்சாம்பாறை – பொள்ளாச்சி எல்லைப் பகுதி.